வென்ஸில் பார்த்த வக்கீல்

சனிக்கிழமை சாயங்காலம் பால் கறந்து கைகால் கழுவிவிட்டால், அதன் பிறகு வென்ஸில் ஹவ்லிக் எந்த வேலைக்கும் பிடிகொடுக்க மாட்டான். பசு கன்று போடுவதாக இருந்தால்கூட வக்கீல் நாடகம் ஆரம்பிப்பதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் முடிகிற வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். காப்பிக் கெண்டியை அடுப்போரம் தள்ளி வைப்பான். சமையலறை விளக்கை அணைப்பான். சுவரில் மாட்டியிருக்கும் டெலிபோனுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான். டெலிவிஷன் நாடகம் பார்க்கிறவன் டெலிபோனுக்குக் கீழே எதற்கு உட்கார வேண்டும் என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். வென்ஸிலிடம் டெலிவிஷன் கிடையாது.

இந்த விஷயம் அந்தச் சாலையில் ஒருவருக்கும் தெரியாது.

நெப்ராஸ்காவின் சோளக்காட்டு நடுவே போகும் அந்த மண்சாலையில் எட்டு வீடுகள். எல்லோரும் பொஹீமியாவிலிருந்து கப்பலேறி வந்த குடியானவர்களின் பேரப்பிள்ளைகள். எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் கம்பி. யாருக்கு அழைப்பு வந்தாலும் எட்டு வீட்டிலும் மணி அடிக்கும். நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று என்று அவரவர் மணி அவரவருக்குத் தெரியும். அடுத்தவர் மணிக்கு ரிசீவரை எடுக்கக் கூடாது என்பது கம்பெனி வைத்த சட்டம். எல்லோரும் எடுப்பார்கள் என்பது ஊர் வைத்துக்கொண்ட வழக்கம்.

இந்தக் கம்பியில்தான் சனிக்கிழமை தோறும் நீதிமன்றம் கூடும். ஹாட்லி என்ற வக்கீல் வாரம் ஒரு கொலை வழக்கை எடுத்து வாதாடுகிற நாடகம் அது. நடுவில் சோப்பு விளம்பரம் வரும். வந்த மாத்திரத்தில் எட்டு வீட்டிலும் ரிசீவரை எடுப்பார்கள். யார் கொன்றது, யார் புளுகுகிறது, அந்த விதவை கறுப்பு உடுத்தியிருப்பது துக்கத்துக்கா அழகுக்கா என்று ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் சொல்வார்கள். விளம்பரம் முடிந்ததும் டக் டக்கென்று வைத்துவிடுவார்கள். ரிசீவர் கூடக் கூடக் கம்பியில் குரல் மெலியும். ஒரு வாய்க்கால் தண்ணீரை எட்டு வயலுக்குத் திருப்பினால் என்ன ஆகுமோ அதுதான். அதனால் பேசுகிறவர் தொண்டை கிழியக் கத்த வேண்டும், கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியும் கோடி வீட்டுக் குரல் தூக்கத்தில் யாரோ பேசுவது போலத்தான் வந்து சேரும்.

முதலில் பேசுவது அல்பினா அத்தை. வயதிலும் மூத்தவள், குரலிலும் மூத்தவள். எட்டு வீட்டுக்கும் அவள் அத்தைதான், ரத்த உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவளுக்கு அடுத்து லுமிர். வென்ஸிலோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன், வாயைத் திறந்தால் கிண்டல் தவிர வேறு வராது. இப்படி எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு, கடைசி விளம்பரத்தில் அத்தையே சொல்வாள், வென்ஸில் என்ன சொல்கிறான் என்று கேளுங்கள் என்று. வென்ஸில் சொல்வான். அநேகமாக அவன் சொன்ன ஆள்தான் பத்து நிமிஷத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி, ஆமாம் நான்தான் கொன்றேன் என்று முகத்தை மூடிக்கொண்டு அழும். வென்ஸிலுக்கு என்ன கண் என்று எட்டு வீடும் மெச்சிக்கொள்ளும்.

கண்ணாவது மண்ணாவது. அவனுக்கு ஒரே ஒரு உபாயம்தான் தெரியும். எட்டு வீட்டிலும் யாரைப் பற்றி ஒருவருமே பேசவில்லையோ அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிடுவான். தோட்டக்காரன் என்று ஒருவன் இருப்பதாக முதல் விளம்பரத்தில் யாராவது வாய்தவறிச் சொல்லியிருப்பார்கள், அதோடு மறந்துவிடுவார்கள். வென்ஸில் மறக்க மாட்டான்.

ஆரம்பத்தில் அவனுக்கு ஏமாற்றும் எண்ணம் ஒன்றும் இல்லை. சினைமாடு ஒன்று படுத்துவிட்டதென்று மாட்டு டாக்டரைக் கூப்பிட ரிசீவரை எடுத்தவன், யாரோ ஒரு பெண் பாலத்திலிருந்து தள்ளிவிடப்பட்ட கதையைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான். (மாடு பிழைத்துக்கொண்டது.) அடுத்த வாரம் சும்மா கேட்டான். அதற்கடுத்த வாரம் வாய் சும்மா இருக்காமல், ஏன் அந்தக் கணக்குப்பிள்ளையாக இருக்கக் கூடாது என்று கேட்டுவிட்டான். கணக்குப்பிள்ளையேதான். வென்ஸிலும் டெலிவிஷன் வாங்கிவிட்டான் போலிருக்கிறது என்று எல்லோரும் தாமாகவே முடிவுகட்டினார்கள். இல்லை என்று சொல்ல ஒரு விநாடி இருந்தது. அதை அவன் விட்டுவிட்டான்.

விளம்பரத்துக்கும் விளம்பரத்துக்கும் நடுவே, மற்றவர்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், வென்ஸில் இருட்டில் உட்கார்ந்து தன் நாடகத்தைப் பார்ப்பான். அவன் கண்ட நீதிமன்றத்துக்கு உயரமான ஜன்னல்கள் உண்டு. அவற்றின் வழியே எப்போதும் சாயங்கால வெயில் சரிந்து விழுந்துகொண்டிருக்கும், தூசி அதில் மெதுவாக மிதக்கும். சாட்சிகள் நடந்து வந்தால் மரத்தரை முனகும். வக்கீல் ஹாட்லி எழுந்து நிற்பார். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். கேள்வி கேட்பதற்கு முன்னால் காது மடலை ஒருமுறை தேய்த்துக்கொள்வார். குற்றவாளியைப் பார்த்தால்கூட அவர் முகத்தில் ஐயோ பாவம் என்ற ஒரு பார்வைதான் இருக்கும். அது வென்ஸிலின் தம்பி யாரோமிரின் முகம். யாரோமிர் சட்டம் படிக்க ஆசைப்பட்டவன். படிக்கப் போகாமல் யுத்தத்துக்குப் போனான், இத்தாலியில் ஒரு மலைச்சரிவிலேயே போய்ச் சேர்ந்தான். தம்பியை அந்த நாடகத்து வக்கீலாக்க வேண்டும் என்று வென்ஸில் திட்டம் போட்டு எதுவும் செய்யவில்லை. முதல் நாளே அந்த நீதிமன்றத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது யாரோமிர்தான். வார நாட்களில் டிராக்டரில் உட்கார்ந்து உழுது போகும்போதுகூட வழக்கு நடந்துகொண்டே இருக்கும். கொத்துக் கொத்தாக வெட்டுக்கிளிகள் முன்னால் எழும்பிப் பறக்கும், யாரோமிர் யாரையோ மெதுவாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பான், வரப்பு முடிந்ததுகூடத் தெரியாமல் வென்ஸில் வேலியில் கொண்டுபோய் முட்டியிருக்கிறான்.

ஒரு தரம் நிஜமாகவே டெலிவிஷன் வாங்கப் புறப்பட்டான். இந்தப் பொய் இனி வேண்டாம் என்றுதான். டவுனில் கடைக்காரர் பெட்டியைப் போட்டுக் காட்டினார். அதில் அந்த நாடகத்தின் பழைய வழக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கழுத்து பருத்த, தலையில் எண்ணெய் மின்னும் ஒரு தடித்த மனிதர் நீதிபதியிடம் ஏதோ ஆட்சேபித்துக்கொண்டிருந்தார். இவர் யார் என்று வென்ஸில் கேட்டான். இவர்தானே ஹாட்லி என்றார் கடைக்காரர், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டவனைப் பார்ப்பது போல. வென்ஸில் பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். இன்னும் கொஞ்சம் பார்த்தால் அந்தத் தடித்த முகம் உள்ளே ஏறிக்கொள்ளும், அப்புறம் யாரோமிர் எழுந்து நிற்க இடமிருக்காது என்று பயந்தான். ஆனால் வீட்டுக்குள் வைத்திருக்கிற ஆன்டெனா பழசாகிவிட்டது, வெளியே நடுகிற கம்பம் வாங்கப் போகிறேன் என்று எட்டு வீட்டிலும் சொல்லி வைத்திருந்தான். வெறுங்கையோடு திரும்ப முடியாது. ஆகவே டெலிவிஷனை விட்டுவிட்டு, கூரைமேல் வைக்கிற கம்பத்தை மட்டும் வாங்கி வந்தான். உலகத்தில் வேறு யாரும் இந்த மாதிரி வியாபாரம் செய்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கம்பத்தை நட்ட லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். படம் வேண்டுகிறவன் கம்பத்தை எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் வைப்பான். வென்ஸிலுக்குப் படம் வேண்டாம், சாலையில் போகிறவர்கள் கண்ணில் பட்டால் போதும். மாட்டுக்கொட்டகையை ஒட்டிச் சாலைப் பக்கமாக, தாழ்வாக, காங்கிரீட்டுக் குழி போட்டு அசையாமல் நட்டு வைத்தான்.

இத்தனை பாடுபட்டுப் பொய்யைக் காப்பாற்றியது ஊருக்காக இல்லை. லிப்பிக்காக.

லிப்பி ஷிமெக் சாலையின் கோடி வீடு. முட்டைக் கிடங்கில் வேலை. நாளெல்லாம் இருட்டறையில் ஒவ்வொரு முட்டையாக விளக்குக்கு நேரே பிடித்து, உள்ளே ரத்தப்பொட்டு இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிறவள். புருஷன் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. மற்றவர்கள் எல்லாம் யார் கொன்றது என்று சண்டை போட, அவள் மட்டும் வேறு என்னத்தையாவது சொல்வாள். அந்த நர்ஸ் கோர்ட்டுக்குள் வரும்போது ஒரு கையில்தான் கையுறை இருந்தது என்பாள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறது, ஆனால் உள்ளே வந்தவன் தோள் நனையவில்லை என்பாள். அவள் குரல்தான் கம்பியில் எல்லாவற்றையும் விட மெல்லிசாக வரும். வென்ஸில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்றக் காதை ரிசீவரோடு அழுத்திக் கேட்பான். அவள் சொல்லச் சொல்ல அவன் நீதிமன்றத்தில் கதவு முளைக்கும், குடை முளைக்கும், மழை பெய்ய ஆரம்பிக்கும். அவன் அவளை விரும்பினான். ஐம்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி, இதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அவளுக்கும் அவன் மேல் ஒரு மதிப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஒருநாள் நிறுத்தி, உங்களோடு சேர்ந்து உட்கார்ந்து ஒருநாள் அந்த நாடகத்தைப் பார்க்க வேண்டும், நீங்கள் கண்டுபிடிக்கிறபோது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். வென்ஸில் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். பார்க்கலாம் என்றான். அன்றிலிருந்து அவனுக்கு நிம்மதி போயிற்று. உண்மை தெரிந்தால் அவள் தன்னை ஒரு ஃபிராடு என்று நினைப்பாள், அத்தோடு அந்த மெல்லிய குரலும் இல்லாமல் போகும் என்று தோன்றியது.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி காற்று அடித்தது. காற்று அந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை, ஆனால் இது கோழிக்கூட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்தவன் நிலத்தில் வைக்கிற காற்று. விடிந்து பார்த்தால் டெலிவிஷன் கம்பங்கள் எல்லாம் போயிருந்தன. அல்பினா அத்தையுடையது ஆப்பிள் மரத்தில் தொங்கியது. லுமிருடையது பன்றிப்பட்டியில் கிடந்தது, பன்றிகள் அதைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. கொட்டகை மறைவில் தாழ்வாக, காங்கிரீட்டில் நட்ட ஒரே கம்பம் மட்டும் ஜம்மென்று நின்றது.

காலையிலேயே எட்டு வீட்டுக்கும் பொதுவான நீள மணி அடித்தது. எல்லோரும் எடுத்தார்கள்.

"வென்ஸில், உன் கம்பம் நிக்குதாமே. லிப்பி வேலைக்குப் போறப்ப பாத்தாளாம்" என்று அத்தையின் குரல் வந்தது. "சாயங்காலம் எல்லாரும் உன் வீட்டுக்கு வரோம். நீ ஒண்ணும் சமைக்காத, நாங்க கொண்டாந்துடறோம்."

உண்மையைச் சொல்லிவிடுவது என்று வென்ஸில் அந்த இடத்திலேயே முடிவு செய்தான். எங்கிட்ட டெலிவிஷன் கெடையாது என்றான். எட்டு ரிசீவரும் எடுத்திருந்த கம்பியில் அவன் குரல் எங்கேயோ போய்ச் சேர்ந்தது. இன்னொரு தரம், நெஞ்சில் இருந்த காற்றை எல்லாம் சேர்த்து, எப்பவுமே இருந்ததில்ல, நான் பொய் சொன்னேன் என்றான். வாரா வாரம் எத்தனை பேர் கூண்டில் ஏறி ஒப்புக்கொள்கிறார்கள், ஒருவருக்காவது இந்தக் கதி வந்ததுண்டா.

"என்னடா முனகற? எதா இருந்தாலும் சாயங்காலம் வந்து கேட்டுக்கறேன்" என்று அத்தை வைத்துவிட்டாள். மற்றவர்களும் வைத்துவிட்டார்கள்.

டவுனுக்குப் போய்ப் பெட்டியை வாங்கி வர நேரம் இருந்தது. பணத்துக்கும் குறைவில்லை. வண்டியைக் கிளப்பி வாசல் வரை வந்தான். கழுத்துப் பருத்த அந்த மனிதர் தன் வீட்டுக் கூடத்தில், தம்பி படம் மாட்டியிருக்கும் சுவருக்குக் கீழே, வாரா வாரம் ஆட்சேபித்துக்கொண்டு நிற்கப் போவதை நினைத்தான். லிப்பி பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷப்படுவதையும் நினைத்தான். வண்டி உறுமிக்கொண்டே நின்றது. கடைசியில் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, வீட்டில் இருக்கும் நாற்காலிகளை எல்லாம் துடைக்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் வந்தார்கள். அத்தை கசகசாப் பூரணம் வைத்த கொலாச்சே ரொட்டிகளை ஒரு தாம்பாளம் நிறையக் கொண்டுவந்தாள். லுமிரும் அவன் மனைவியும் பன்றித்தொடை வறுவலையும் போதாததற்கு இரண்டு நாற்காலிகளையும் தூக்கி வந்தார்கள். லிப்பி உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, நல்ல உடுப்பு உடுத்தி, கடைசியாக ஏறி வந்தாள். வென்ஸில் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"எல்லாரும் உள்ள வாங்க. ஆனா டெலிவிஷன் இல்ல. எப்பவும் இருந்ததில்ல."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். கூடத்தில் இல்லை. லுமிர் படுக்கையறையை எட்டிப் பார்த்தான், சாமான் அறையைத் திறந்து பார்த்தான், ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால்கூடப் பார்த்தான்.

"கம்பத்த நட்டுட்டு பெட்டிய வாங்க மறந்துட்டியாடா?"

யாரும் சிரிக்கவில்லை. அப்போது வென்ஸில் முழுவதையும் சொன்னான். மாட்டு டாக்டரைக் கூப்பிட ரிசீவரை எடுத்ததிலிருந்து, பேசாத ஆளைக் குற்றவாளியாக்கும் உபாயம் வரை. கடையையும், அந்தத் தடித்த மனிதரையும், யாரோமிரையும் மட்டும் சொல்லவில்லை. லிப்பி இருந்த பக்கம் அவன் பார்க்கவில்லை.

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த பாங்குக்காரி தொப்பி பழுப்புதான்னு எங்கிட்ட அவ்வளவு சண்ட போட்டியே. நான் பச்சைன்னு சொன்னதுக்கு என்ன குருடின்னு கூட சொன்ன. ஒரு வாரம் உங்கிட்ட பேசாம இருந்தேன்."

"அத்தை" என்றான் லுமிர், நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்து. "உங்க டெலிவிஷன்லயும் கலர் கெடையாது. நம்ம எல்லார் பெட்டியும் கறுப்பு வெள்ளதான்."

பச்சைத் தொப்பியை அத்தையும் தன் கண்ணாலே பார்த்திருந்தாள், சந்தேகமே இல்லாமல். தாம்பாளத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, இருப்பதிலேயே நல்ல நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள்.

சாப்பிட்டார்கள். நாடகம் ஆரம்பிக்கிற நேரம் வந்ததும் பேச்சு தானாக நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் வென்ஸில் வீட்டு வெறும் சுவரைப் பார்த்து, மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ பழக்கதோஷத்தில் விளக்கை வேறு அணைத்துவிட்டார்கள். வெளியே காற்று அடங்கி, நிலம் முழுக்க ஒரு சாம்பல் வெளிச்சம். போன வார முன்னோட்டத்தில் காட்டியது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். ஏரிக்கரைப் படகுத்துறையில் ஓட்டல்காரர் ஒருவர் செத்துக் கிடக்கிறார், பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள், அவ்வளவுதான்.

"இப்ப மொதல் விளம்பரம் வந்திருக்கும்" என்றாள் அத்தை இருட்டில். கொஞ்ச நேரம் பொறுத்து, "மச்சினன்தான். எனக்கு அவனப் பாத்தாலே புடிக்கல" என்றாள்.

எந்த மச்சினன் என்று யாரும் கேட்கவில்லை. மச்சினனுக்கு அன்று ராத்திரி வண்டி ஓடவில்லையே என்றான் லுமிர். அவன் மனைவி, நின்ற பெண்ணின் தோழியைச் சந்தேகித்தாள். அவள் சிரிப்பு சரியில்லையாம். அத்தை மச்சினனை விடுவதாக இல்லை. ஓட்டல்காரர் உயிலை மாற்றி எழுதப் போவது அவனுக்குத் தெரியும் என்றாள். லுமிர் ஓட்டலுக்கு ஒரு பியானோவைக் கொண்டுவந்தான். பியானோ வாசிக்கிறவன் தானாக வந்து சேர்ந்தான். ஒருவர் சொன்னதை ஒருவர் பிடித்துக்கொண்டு, மறுத்து, ஒட்டுப்போட்டு, ஏரிமேல் மூடுபனி இறக்கி, எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டே ஒரே கனவுக்குள் போய்விட்டார்கள். அன்றைக்கு ஒரு விநாடிகூட ஒருவரும் பார்க்காத நாடகத்தைப் பற்றி இவ்வளவு தீர்மானமாக அபிப்பிராயம் சொன்னவர்கள் அந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டார்கள். லிப்பி மட்டும் ஒன்றும் பேசவில்லை. சாலட் கிண்ணம் அவள் மடியிலேயே இருந்தது.

கடைசி விளம்பரம் வந்திருக்கும் என்று அவர்களாக வைத்துக்கொண்ட நேரத்தில், "சரி, வென்ஸில் என்ன சொல்றான்?" என்றாள் அத்தை. கோபம் இருந்தது, ஆனால் கேட்டாள்.

வென்ஸில் தொண்டையைச் செருமிக்கொண்டான். படகுகளுக்குக் கயிறு கட்டுகிறவன் என்றான். யாருமே அவனைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் படகுத்துறை என்றால் அப்படி ஒருவன் இருந்தாக வேண்டுமே. எப்படி ஒப்புக்கொள்கிறான் என்று லுமிர் கேட்டான். வென்ஸில் சொல்ல ஆரம்பித்தான். சொல்லும்போது அவன் அவர்களை மறந்துவிட்டான். ஹாட்லி எழுந்து நிற்கிறார், கயிற்றை மேஜைமேல் வைத்து அதைப் பார்க்காமல் அவனைப் பார்க்கிறார், காது மடலை ஒருமுறை தேய்த்துக்கொள்கிறார், உனக்குக் குளிருகிறதா என்று கேட்கிறார். கொலையைப் பற்றிக் கேட்கவே இல்லை, அதைத்தான் கேட்கிறார். கயிறு கட்டுகிறவன் அந்த இடத்தில் உடைந்துபோகிறான்.

"நம்ம யாரோமிர்தான் அப்படி காதத் தேய்ப்பான்" என்றாள் அத்தை. அவள் குரல் அவ்வளவு சின்னதாக வந்ததை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. வென்ஸில் ஏன் டெலிவிஷன் வாங்கவில்லை என்று அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. லுமிர் எழுந்து வந்து வென்ஸிலின் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, விளக்கைப் போடாமலேயே தட்டுகளை அடுக்கினான்.

கோடையில் அதே நாடகம் மறுபடியும் ஒளிபரப்பானது. மச்சினனும் இல்லை, பியானோவும் இல்லை. அந்தப் பெண்ணின் அப்பாதான் கொலைகாரராம். டெலிவிஷன்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று எட்டு வீடும் ஒருமனதாக முடிவு செய்தது. ஆனால் அது பிற்பாடு.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு, லிப்பி மட்டும் தன் வண்டியருகே நின்றாள். மறந்து வைத்த கிண்ணத்தின் மூடியை வென்ஸில் கொண்டுவந்து கொடுத்தான். கோபமா என்று கேட்டான். அவ்வளவுதான் அவனால் கேட்க முடிந்தது.

"கோபம்தான்" என்றாள். மூடியைக் கிண்ணத்தில் பொருத்தி, சரியாக உட்கார்ந்ததா என்று சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். "நீங்க பாத்ததுல நான் சொன்னது எவ்வளவு இருக்கும்?"

"முக்கால்வாசி" என்றான் வென்ஸில். "கதவு, ஜன்னல், மழ, அந்த நர்ஸோட கையுற, எல்லாம் நீங்க சொன்னது. நீங்க சொல்லாதப்ப அங்க வெறும் சுவரா இருக்கும். வக்கீல் மட்டுந்தான் என்னோடது."

நன்றாக இருட்டிவிட்டதால் அவள் முகம் தெரியவில்லை.

"எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நான் வாயத் தெறந்தா, ஸ்ஸ், படத்தப் பாக்க விடுன்னுவார்" என்றாள். "அப்புறம் போன்ல சொல்ல ஆரம்பிச்சேன். அதுவும் யாருக்குக் கேக்கப் போவுதுன்னு தெரியும். கோடி வீடு, எங்கொரலு போய்ச் சேராது. எல்லாருந்தான் பாத்துக்கிட்டிருக்காங்களே, நான் என்னத்த புதுசா சொல்லப் போறேன். சொல்லாட்டி நெஞ்சு அடச்சிக்கும்னு சொல்லிவெப்பேன்."

வண்டிக் கதவைத் திறந்து கிண்ணத்தை உள்ளே வைத்தாள்.

"அடுத்த சனிக்கிழம நான் இங்க வரமாட்டேன்" என்றாள் லிப்பி. "லுமிர் எங்கம்பத்த நிமித்திக் குடுத்துடுவான். வீட்டுல உக்காந்து பாத்து உங்களுக்குச் சொல்றேன். இனிமே விளம்பரத்துக்கெல்லாம் காத்திருக்கப் போறதில்ல, ஆரம்பத்துலேருந்து சொல்லிக்கிட்டே வரேன். மத்தவங்க திட்டினா திட்டட்டும். ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சதும் நீங்க எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. வந்து, என்ன பாத்தீங்கன்னு எனக்குச் சொல்லுங்க."

வென்ஸில் சரி என்று தலையாட்டினான். இருட்டில் தலையாட்டினால் அவளுக்குத் தெரியாது என்று புரிந்து, சரிங்க என்று சத்தமாகவே சொன்னான். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.